மூன்றடி நழுவி

நதிக்கரைகளில்தான் நாகரிகம் பிறந்தது என்று சரித்திர ஆசிரியர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். வருஷத்தில் பத்து நாள் மட்டும் நதி ஓடுகிற ஊர்க்காரர்கள் என்ன செய்வது என்று அவர்கள் யோசிக்கவில்லை. அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் இடைப்பட்ட பொட்டக்காட்டில் நாகரிகம் பிறந்தது ஓர் அலுவலகத்தின் மாடியில். நாள், ஆடி பதினேழு. நேரம், பதினோரு மணி டீயைக் குடித்து டம்ளரைக் கீழே வைத்த சற்று நேரத்தில். அந்தப் புனித வேளையில்தான் 'கண்மாய்க் கண்ணாடித் திட்டம்' தனக்கு ஒரு கேமரா ஸ்லைடர் தேவை என்பதை உணர்ந்தது.

திட்டத்தைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லாமல் மேலே போவது மரியாதை இல்லை. சுற்றுவட்டாரக் கண்மாய்கள் பழுது பார்ப்பதற்கு முன்பு எப்படி இருந்தன, பழுது பார்த்த பின்பு எப்படி ஆயின என்று வீடியோ எடுத்து மேலிடத்துக்கு அனுப்புவதே இதன் நோக்கம். நடுவில் பழுது பார்க்கிற வேலை ஒன்று இருக்கிறது. அது வேறொரு திட்டம். அதன் அலுவலகம் கீழ்த்தளத்தில் இருக்கிறது. அதற்குப் பணம் இன்னும் வரவில்லை. அவர்களுக்குப் பணம் வரவில்லை என்பதற்காக வீடியோவை நிறுத்திவைக்க முடியுமா? ஆகவே 'முன்பு' காலையிலும் 'பின்பு' அதே நாள் மாலையிலும் எடுக்கப்பட்டன. மாலை வெயிலில் எந்தக் கண்மாயும் கொஞ்சம் நன்றாகத்தான் தெரியும்.

இந்தக் காலை மாலைகளை எல்லாம் படம் பிடித்தவர் உதவியாளர் வேதமுத்து. ஐம்பத்து நான்கு வயது. இருபத்தாறு வருஷ சர்வீஸில் ஒரு குண்டூசியைக்கூட வீட்டுக்கு எடுத்துப் போகாதவர். அவரிடம் ஒரே ஒரு குறை, கை நடுங்கும். நோய் ஒன்றும் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். மேலதிகாரி கூப்பிட்டால் நடுங்கும், ஏதாவது தப்பு நடந்துவிடுமோ என்று நினைத்தால் நடுங்கும். அரசாங்க வேலையில் இந்த இரண்டும் இல்லாத நேரம் குறைவு. போன வருஷம் அவர் அனுப்பிய வீடியோ ஒன்றைப் பார்த்துவிட்டு, 'அப்பகுதியில் நில அதிர்வு ஏதும் ஏற்பட்டதா என்ற விவரத்தை மூன்று தினங்களுக்குள் தெரிவிக்கவும்' என்று மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. நில அதிர்வு இல்லை, உதவியாளர்தான் காரணம் என்று அவரே பதில் தயாரிக்க வேண்டியதாயிற்று. அந்த அவமானத்தை அவர் மனைவி தெரசாளிடம்கூடச் சொல்லவில்லை.

ஆடி பதினேழாம் தேதித் தபாலில் ஒரு மனு வந்தது. மேலச்சாத்தனேந்தல் கண்மாய்ப் பாசனச் சங்கத்தின் செயலாளர் குருவம்மாள் அனுப்பியது. இந்த அலுவலகத்தில் ஒரு நல்ல பழக்கம் உண்டு. மனுவின் தலையில் 'பொருள்' என்று போட்டு ஒரு வரி இருக்குமல்லவா, அதை மட்டும்தான் படிப்பார்கள். பொருளைப் படித்த பிறகு மற்றதையும் படிப்பது மனுதாரரைச் சந்தேகப்படுவது போலாகும். இந்த மனுவின் பொருள் வரி இதுதான்: 'ஷட்டர் சரிவர நகராமல் குலுங்கி நிற்பது தொடர்பாக.'

ஷட்டர் என்றால் கேமராவில் இருப்பது என்று முடிவு செய்து, தபால் பிரித்தவர் மனுவைக் கீழ்த்தளத்துக்குத் தராமல் மாடிக்கு அனுப்பிவைத்தார். வேதமுத்து பொருளைப் படித்தார். கை நடுங்கத் தொடங்கியது. மேலிடம் கண்டுபிடித்தது போதாதென்று இப்போது கிராமத்து ஜனங்களும் கண்டுபிடித்துவிட்டார்கள். மனுவை எடுத்துக்கொண்டு கோட்ட அலுவலர் பொன்னுச்சாமியின் அறைக்குப் போனார்.

பொன்னுச்சாமி பெரிய மனதுக்காரர். குறை சொன்னால் கோபப்பட மாட்டார். ஏதாவது வாங்குவார்.

"குலுங்குதுன்னு பப்ளிக்கே எழுதிட்டாகளா?" என்று கேட்டார்.

"ஆமா சார். சரிவர நகரலையாம்."

"நல்லதாப் போச்சுய்யா. நம்மளாக் கேட்டா ஆடம்பரம்பான். மக்கள் கேட்டா கோரிக்கை. என் மக கல்யாணத்துல அருப்புக்கோட்டை பாய் ஒரு சாமான் வச்சு எடுத்தாரே, பாத்தியா? சின்னத் தண்டவாளம். அது மேல ஒரு வண்டி. வண்டியில கேமராவை உக்கார வச்சு இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடிக்கு நகத்துவாரு. மாலை, தாலி, மாப்பிள்ளை, பாயசம், எல்லாம் வழுக்கிக்கிட்டே போச்சு. ஸ்லைடருன்னு பேரு. அதுல ஒண்ணு வாங்கிருவோம்."

"விலை சார்?"

"மலிவாப் பாரு. ரொம்ப மலிவா இருந்தா வேண்டாம். ஆடிட்ல சந்தேகப்படுவான்."

கோப்பு தமிழில்தான் இருக்க வேண்டும் என்பது விதி. ஸ்லைடருக்குத் தமிழ் தேடினார்கள். 'சறுக்கி' என்றார் வேதமுத்து. திட்டமே சறுக்கியதாக அர்த்தம் வரும் என்று பொன்னுச்சாமி மறுத்துவிட்டார். கண்ணை மூடி யோசித்து அவரே ஒரு சொல்லைக் கண்டுபிடித்தார்: 'நழுவி'. 'படக்கருவி நழுவி கொள்முதல்' என்று கோப்பின் முகப்பில் எழுதப்பட்டது. அந்த அலுவலகத்துக்கு அதைவிடப் பொருத்தமான சொல் தமிழில் கிடையாது என்பதை அப்போது யாரும் கவனிக்கவில்லை.

பத்து நாள் கழித்துக் குருவம்மாள் நேரில் வந்தார். அவர் சொன்ன ஷட்டர் வேறு என்பதை வாசகர் ஊகித்திருப்பார். மேலச்சாத்தனேந்தல் கண்மாயின் கீழமடையில் தண்ணீரை அடைத்து நிறுத்துகிற இரும்புப் பலகை அது. கடைசியாகத் திறந்தபோது முக்கால் அடி ஏறிய நிலையில் திருகுக் கம்பி வளைந்து, பலகை அப்படியே மாட்டிக்கொண்டது. ஐப்பசியில் மழை பெய்து கண்மாய் பெருகினால், நாற்பத்தோரு குடும்பத்து நெல்லுக்கான தண்ணீர் அந்த முக்கால் அடி வழியாக ஓடைக்குப் போய்விடும். நரிக்குடி வெல்டர் ஒருவர் அரை நாளில் முடித்துவிடக்கூடிய வேலைதான். ஆனால் அரசாங்க மடையில் ஊர்க்காரர்கள் கை வைத்தால் வழக்குப் போடப்படும் என்று முன்பே ஒரு கடிதம் வந்திருந்தது. அந்தக் கடிதத்தை அனுப்புவதில் மட்டும் தாமதம் ஏற்படவில்லை.

"அய்யா, ஷட்டருக்கு மனுக் கொடுத்திருந்தோம். மேலச்சாத்தனேந்தல்," என்றார் குருவம்மாள்.

வேதமுத்து நாற்காலியை விட்டு எழுந்தே நின்றுவிட்டார். "உக்காருங்கம்மா. குலுங்குனது வாஸ்தவம். தப்பு எங்க மேலதான்."

குருவம்மாளுக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை. ஐம்பது வயதுக்குள் எத்தனையோ அலுவலகப் படி ஏறி இறங்கியிருக்கிறார். 'தப்பு எங்க மேலதான்' என்று ஒரு மேசைக்குப் பின்னால் இருந்து யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

"அப்ப செஞ்சு குடுத்துருவீகளாய்யா?"

"கோப்பு ஓடிக்கிட்டு இருக்கு. எப்படி இருந்தா நல்லதுன்னு நீங்களே சொல்லுங்க. எழுதிக்கிறேன்."

"மூணு அடி இருக்கணும். ஒரு நூலு கொறையக் கூடாது."

"மூணு அடி," என்று வேதமுத்து எழுதினார்.

"தண்ணிக்குள்ளயே கெடந்தாலும் துருப்பிடிக்கக் கூடாதுய்யா."

கண்மாய்க் கரையில் வைத்து எடுக்கும்போது தண்ணீர் தெறிக்கத்தான் செய்யும். நியாயமான கோரிக்கை என்று எழுதிக்கொண்டார்.

"ஒத்த ஆளு திருகுனா நகரணும். பொம்பளையாளு திருகுனாலும் நகரணும்."

"கைப்பிடி வச்சதாப் பாத்துருவோம்."

"நடுவுல நிக்கக் கூடாது. அதான்யா முக்கியம். நடுவுல நின்னுக்கிட்டுத்தான் இம்புட்டுச் சீரழிவு."

வேதமுத்துவுக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு விவசாயி, தன் வேலையைப் போட்டுவிட்டு இரண்டு பஸ் மாறி வந்து, ஒரு வீடியோவின் நகர்வைப் பற்றி இவ்வளவு நுட்பமாகக் கவலைப்படுகிறார். ஐப்பசிக்குள் முடியுமா என்று கேட்டபோது, அதற்கு முன்னாலேயே முடியும் என்று வாக்குக் கொடுத்தார். "இப்படி ஒரு ஆபீசரை நான் பாத்ததேயில்ல," என்று குருவம்மாள் ஊரில் போய்ச் சொன்னார். அதில் பொய் ஒன்றும் இல்லை.

ஆவணி முழுவதும் பொன்னுச்சாமி வேறு கூட்டங்களில் இருந்தார். புரட்டாசி பிறந்ததும் வேதமுத்து அருப்புக்கோட்டைக்கு பஸ் ஏறினார். பொன்னுச்சாமி சொன்ன பாய் சகாபுதீனின் ஸ்டுடியோ ஒரு மாடியில் இருந்தது. கீழேயும் பக்கத்திலும் பவர்லூம். தறி ஓடும்வரை மேசை, நாற்காலி, சுவரில் மாட்டிய மாப்பிள்ளை பெண் எல்லாம் லேசாக அதிர்ந்துகொண்டே இருக்கும். முதல்முறையாகத் தன்னைப் போலவே நடுங்குகிற ஓர் இடத்தைப் பார்த்த நிம்மதி வேதமுத்துவுக்கு.

"எதை எடுக்கணும் சார்?" என்று சகாபுதீன் கேட்டார். முப்பது வருஷமாகக் கல்யாணம் எடுப்பவர். அவர் கண்ணில் படாத பாயசம் இந்தப் பக்கத்தில் கிடையாது.

"கண்மாய்."

"கண்மாய் எங்கிட்டும் எந்திரிச்சு ஓடிறாதே சார். ஸ்டாண்டுல வச்சு எடுத்தாலே போதும். நகர்ந்தாத்தான் ஆகும்னா மேசையில ஒரு பூத்துண்டை விரிச்சு, கேமராவை அதுல வச்சு மெதுவா இழுங்க. ஆரம்பத்துல பாதிக் கல்யாணம் நான் அப்படித்தான் எடுத்தேன். செலவே இல்ல."

"செலவே இல்லேன்னா பில்லு எப்படி பாய் வரும்?"

அதில் உள்ள நியாயத்தை ஒப்புக்கொண்டு சகாபுதீன் மூன்று ஸ்லைடர்களை எடுத்து மேசையில் வைத்தார். அந்நேரம் பார்த்துக் கரண்டு போனது. தறிகள் நின்றன. "இதான் சார் நேரம்," என்றார். "தறி நின்னாத்தான் ஸ்லைடரோட கொணம் தெரியும்."

முதலாவது இரண்டு அடி. இரண்டு குழாய்க்கு மேல் பிளாஸ்டிக் வளையம் வைத்த வண்டி. விலை குறைவு. ஆனால் இந்த ஊர் வெயிலுக்குப் பிளாஸ்டிக் உப்பிக்கொள்ளும், இழுத்தால் திக்கித் திக்கிப் போகும். அடுத்தது மோட்டார் வைத்தது. போனில் தட்டினால் தானாகப் போகும், சார்ஜ் தீர்ந்தால் தானாக நிற்கும். அதன் விலையைக் கேட்டு வேதமுத்து இரண்டு கையையும் மேசைக்குக் கீழே வைத்துக்கொண்டார்.

"இது நானே வச்சிருக்கது," என்று சகாபுதீன் கடைசி ஸ்லைடரைத் தட்டிக் காட்டினார். "மூணு அடி. கெட்டி அலுமினிய ரயிலு, நாலு பேரிங்கு, ஒரு ஓரத்துல திருகுற கைப்பிடி. கரிசத் தூசி பேரிங்குல ஏறாமத் தொடச்சு வச்சாப் போதும். நடுத்தர வெலதான். எதை வாங்குனாலும் ஒண்ணு பாத்து வாங்குங்க சார். ரயிலை ஒரு பக்கமாத் தூக்கிச் சாய்ங்க. வண்டி சீரா இறங்கணும். நடுவுல நின்னுச்சுன்னா வேண்டாம்னு வச்சிருங்க."

'நடுவுல நிக்கக் கூடாது' என்பது வேதமுத்துவின் காதில் எங்கேயோ இடித்தது. பையிலிருந்து குறிப்புத் தாளை எடுத்துப் பயனாளியின் தேவைகளை வாசித்தார். மூன்று அடி, ஒரு நூல் குறையக் கூடாது. தண்ணீருக்குள்ளேயே கிடந்தாலும் துருப்பிடிக்கக் கூடாது. பெண்பிள்ளை திருகினாலும் நகர வேண்டும்.

சகாபுதீன் சிரித்தார். "இவுக கேக்குறது ஸ்லைடரா சார், மடைப் பலகையா?"

வேதமுத்துவும் சிரித்தார். பாதிச் சிரிப்பில் வாய் அப்படியே நின்றது.

கொள்முதலுக்கு மூன்று கடைகளின் விலைப்புள்ளி வேண்டும் அல்லவா? சகாபுதீன் ஒரே டிராயரிலிருந்து மூன்று லெட்டர்பேடுகளை எடுத்தார். ஒன்று அவருடையது. இன்னொன்று மச்சானுடையது. மற்றது எட்டு வருஷத்துக்கு முன் மூடிய ஸ்டுடியோவினுடையது. மூன்று கடைகளுக்கும் இடையே கடும் போட்டி நிலவியதை, மூன்றிலும் இருந்த ஒரே கையெழுத்து உறுதி செய்தது.

திரும்பும் பஸ்ஸில், ஜன்னல் ஓர இருக்கையில், வேதமுத்து கோப்பைத் திறந்து மனுவின் இரண்டாவது வரியைப் படித்தார். பிறகு மூன்றாவது. 'கீழமடை' என்று இருந்தது. 'நாற்பத்தோரு குடும்பம்' என்று இருந்தது. 'ஐப்பசி மழைக்கு முன் செய்து தராவிட்டால் இந்த வருஷமும் நாங்கள் வெளியூருக்குத்தான் போக வேண்டும்' என்று கடைசியில் இருந்தது. பஸ் குலுங்கியதால் எழுத்து ஆடுகிறது என்று முதலில் நினைத்தார். பஸ் நின்ற பிறகும் எழுத்து ஆடிக்கொண்டிருந்தது.

மறுநாள் கொள்முதல் குழு கூடியது. தலைவர் பொன்னுச்சாமி, உறுப்பினர் வேதமுத்து. குழு இவ்வளவுதான்.

"சார், இது கேமரா ஷட்டர் இல்ல. மடை ஷட்டர்."

பொன்னுச்சாமி எழுந்துபோய்த் தானே கதவைச் சாத்திவிட்டு வந்தார். "ஒனக்கு எப்படித் தெரியும்?"

"மனுவைப் படிச்சேன் சார்."

"முழுசாவா?"

"ஆமா சார்."

"யாரு ஒன்னையப் படிக்கச் சொன்னா?"

வேதமுத்து மனுவைப் பிரித்து மேசையில் வைத்தார். "நாப்பத்தோரு குடும்பம் சார். ஐப்பசிக்கு இன்னும் ஒரு மாசங்கூட இல்ல. கீழ்த்தளத்துக்கு அனுப்பிருவோமா?"

"அனுப்புனா என்ன ஆகும்? அவனுக்குப் பணம் வரல. அங்க கெடந்து மக்கும். நம்மகிட்ட இருந்தா ஏதோ ஒண்ணாச்சும் நடக்குமா இல்லையா? அதும் போக, ரெண்டு மாசமா இதைப் படிக்காம வச்சிருந்தது யாருன்னு மொதக் கேள்வி வரும். கோப்புல கையெழுத்து யாரோடதுய்யா?"

கையெழுத்து வேதமுத்துவுடையது. கை நடுங்கத் தொடங்கியது.

"பாத்தியா?" என்றார் பொன்னுச்சாமி, கனிவோடு. "இதுக்குத்தான் ஸ்லைடரு வேணுங்கிறேன்."

கூட்டக் குறிப்பு இவ்வாறு பதிவானது: 'மூன்று விலைப்புள்ளிகளும் கவனமாக ஒப்பிடப்பட்டன. மலிவானது மலிவாக இருந்த காரணத்தால் நிராகரிக்கப்பட்டது. விலை உயர்ந்தது விலை உயர்ந்திருந்த காரணத்தால் நிராகரிக்கப்பட்டது. நடுவில் நின்றது ஏற்கப்பட்டது.'

வேதமுத்து மனசாட்சி இல்லாதவர் அல்ல. மனுவுக்கு ஒரு நகல் எடுத்து, தானே படி இறங்கிப் போய்க் கீழ்த்தளத்தில் கொடுத்தார். நான்கு நாளில் பதில் மேலே ஏறி வந்தது. 'அசல் மனு தங்கள் பிரிவில் நடவடிக்கையில் இருப்பதால், இங்கு நடவடிக்கைக்கான அவசியம் எழவில்லை.' தன் கடமையைச் செய்துவிட்டதாக நினைத்துக்கொள்ள அவர் எவ்வளவோ முயன்றார். இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் இறங்கிவிட்டது.

ஐப்பசி இரண்டாம் வாரம் நழுவி வந்து சேர்ந்தது. சொத்துப் பதிவேட்டில் ஏற்றி, ரயிலின் பக்கவாட்டில் வெள்ளைப் பெயிண்டால் 'க.க.தி./நழுவி/1' என்று எழுதினார்கள். பெயிண்ட் காய்வதற்குள் மழை பிடித்துக்கொண்டது. மூன்று நாள் விடாத மழை. நான்கு வருஷத்துக்குப் பிறகு மேலச்சாத்தனேந்தல் கண்மாய் பெருகிவிட்டது என்று செய்தி வந்ததும், பொன்னுச்சாமி வேதமுத்துவைக் கூப்பிட்டு, தண்ணீர் இருக்கும்போதே எடுத்துவிட்டு வரச் சொன்னார். 'இருக்கும்போதே' என்று அவர் சொன்னதை இருவருமே விளக்கிக்கொள்ளவில்லை.

கேமராவைத் தோளிலும், மூன்றடிப் பையை மடியிலுமாக வேதமுத்து ஷேர் ஆட்டோவில் போய் இறங்கினார். கரை முழுக்க ஜனம். கீழமடையில் மாட்டிக்கொண்ட பலகைக்கு அடியில் தண்ணீர் செம்மண் நிறத்தில் பீறிக்கொண்டு போனது. மணல் மூட்டைகளை இறக்கினால், இறக்கிய வேகத்தில் அதுவும் உள்ளே இழுபட்டு அந்தப் பக்கம் போனது. யாரோ வீட்டுக் கதவைக் கழற்றிக் கொண்டுவந்து குறுக்கே கொடுத்திருந்தார்கள். அது இரண்டாகப் பிளந்து ஓடையில் போய்க்கொண்டிருந்தது. இடுப்பளவுத் தண்ணீரில் பத்துப் பேர் மூட்டையை முதுகால் முட்டுக்கொடுத்து நின்றார்கள். அவர்களில் குருவம்மாளும் ஒருவர்.

அவர்தான் முதலில் பையைப் பார்த்தார். நீளமான பை. மூன்று அடி, ஒரு நூல் குறையாது.

"ஷட்டர் வந்துருச்சு," என்று அவர் சொன்னது கரை முழுவதும் கேட்டது. "நான் சொல்லல? அந்த அய்யா கொண்டாந்துருவாருன்னு."

நாற்பது பேர் திரும்பி வேதமுத்துவைப் பார்த்தார்கள். வாழ்க்கையில் அவரை யாரும் அப்படிப் பார்த்ததில்லை. பையைத் திறக்காமலேயே திரும்பிப் போய்விடலாமா என்று நினைத்தார். திறந்தார்.

ஈர உடம்போடு கரை ஏறி வந்த குருவம்மாள் ரயிலைப் பார்த்தார். அதன் நான்கு சின்னக் கால்களைப் பார்த்தார். மேலே ஓடுகிற குட்டி வண்டியைப் பார்த்தார்.

"இதென்னய்யா?"

"நழுவிம்மா."

"என்ன செய்யும்?"

"குலுங்காம நகரும்."

குருவம்மாள் திட்டுவார் என்று வேதமுத்து எதிர்பார்த்தார். அவர் திட்டவில்லை. அதற்கு நேரம் இல்லை. ரயிலைக் கையால் அழுத்திப் பார்த்தார். "கெட்டியாத்தான் இருக்கு. சரி, குடுங்க. மடை வாய்க்குக் குறுக்கப் போட்டா மூட்டை நிக்கும். மூணு அடி சரியா உக்காரும்."

உட்காரும். அளவு அவர் கொடுத்ததுதான்.

"அரசாங்கச் சொத்தும்மா. நம்பர் போட்டிருக்கு."

"போற தண்ணிக்கு யாரும் நம்பர் போடலையா?"

வேதமுத்து போனை எடுத்துக் கோட்ட அலுவலரைக் கூப்பிட்டார். "சார், மடையை அடைக்க நம்ம ரயிலைக் கேக்குறாக. பொருத்தமா இருக்கும் போலத்தான் இருக்கு."

"அதைக் குடுத்துட்டு எதை வச்சு எடுப்ப? ஷாட்டை முடி மொதல்ல. அப்புறம் வேணும்னா எழுத்து மூலமா ஒரு மனுக் குடுக்கச் சொல்லு."

வேதமுத்து அதைக் குருவம்மாளிடம் அப்படியே சொன்னார். வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

"எழுதித்தான்யா குடுத்தேன்," என்று சொல்லிவிட்டுக் குருவம்மாள் மறுபடியும் தண்ணீருக்குள் இறங்கினார்.

கொடுத்துவிட வேண்டும் என்று வேதமுத்துவுக்குத் தோன்றியது சத்தியம். கொடுத்தால் என்ன ஆகும், ஒரு மெமோ வரும், சம்பளத்தில் பிடிப்பார்கள், அவ்வளவுதான். அந்த அவ்வளவுதானைத் தாண்ட அவரால் முடியவில்லை. நழுவியைக் கரையில் நிறுத்தி, மட்டம் பார்த்து, கேமராவை வண்டியில் பொருத்தி, கைப்பிடியைத் திருகினார்.

கேமரா நகர்ந்தது. எவ்வளவு அழகாக நகர்ந்தது என்பதைச் சொல்லாவிட்டால் நழுவிக்குத் துரோகம் செய்ததாகும். பெருகிய கண்மாயில் தொடங்கி, மாட்டிக்கொண்ட பலகையைக் கடந்து, மூட்டையைப் பிடித்திருந்த கைகளைக் கடந்து, பீறுகிற தண்ணீரைக் கடந்து, ஓடையில் போய் முடிந்தது. நாற்பது வினாடி. ஒரு மயிரிழை அதிர்வு இல்லை. இருபத்தாறு வருஷத்தில் முதல்முறையாகத் தன் கையிலிருந்து ஒரு குறையில்லாத காரியம் பிறந்ததைப் பார்த்து வேதமுத்துவுக்கு ஒரு கணம் சந்தோஷமாகக்கூட இருந்தது. அதை நினைத்து அவர் பிற்பாடு பல நாள் கூனிக் குறுகினார்.

மறுநாள் மதியத்துக்குள் கண்மாயில் தரை தெரிந்தது. அதன் பிறகு அந்த வருஷம் மழை இல்லை. நாற்று பாவியவர்கள் பாவியதை ஆட்டுக்கு விட்டார்கள்.

தை மாதம், கண்மாய்க் கண்ணாடித் திட்டத்தின் சாதனை விழா ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. 'நிலைத்தன்மை மிக்க காட்சிப் பதிவு' என்ற பிரிவில் மேலச்சாத்தனேந்தல் வீடியோவுக்கு முதல் பரிசு. பரிசளிப்பின்போது பயனாளி ஒருவர் மேடையில் இருக்க வேண்டும் என்பது விதி. பஞ்சு மில்லில் கழிவு பிரிக்கும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த குருவம்மாளை, அரை நாள் லீவு போட வைத்து வேனில் அழைத்து வந்திருந்தார்கள்.

விளக்கை அணைத்து வீடியோவைப் பெரிய திரையில் போட்டார்கள். கண்மாய் நகர்ந்தது. பலகை நகர்ந்தது. மூட்டையைப் பிடித்திருந்த கைகள், குளிரிலும் பாரத்திலும் வெடவெடவென்று நடுங்கியபடி, திரையின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு நழுவிப் போயின. தண்ணீர் ஓடையில் இறங்கியதும் மண்டபமே கைதட்டியது. பின்வரிசையில் ஒருவர் இது ஏதோ அருவி என்று பக்கத்தில் இருந்தவருக்கு விளக்கிக்கொண்டிருந்தார். வேதமுத்துவுக்குச் சால்வை போர்த்தினார்கள். பிறகு மைக்கைக் குருவம்மாளிடம் கொடுத்து, திட்டத்தைப் பற்றிப் பயனாளி இரண்டு வார்த்தை பேசுவார் என்றார்கள்.

குருவம்மாள் மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். பக்கத்தில் நின்ற வேதமுத்துவைத்தான் பார்த்துப் பேசினார்.

"படம் நல்லா இருக்குய்யா. அம்புட்டுத் தண்ணியும் போகுது. நாப்பத்தோரு குடும்பத்துக் கஞ்சி போகுது. அதைப் பிடிச்சுக்கிட்டு நின்ன எங்க கை பூராம் நடுங்குது. பாத்துக்கிட்டு நின்ன ஒங்க கைதான் ஒரு இடத்துலயாச்சும் நடுங்கலையே."

அது பாராட்டா, ஏச்சா என்று மண்டபத்துக்குப் புரியவில்லை. பிறகு பொன்னுச்சாமி கைதட்டத் தொடங்கினார். பாராட்டுத்தான் என்று தெளிந்து எல்லோரும் தட்டினார்கள்.

"அப்படியே அறிக்கையில எழுதிக்கய்யா," என்று பொன்னுச்சாமி வேதமுத்துவின் காதில் சொன்னார். "'கை நடுங்காமை குறித்துப் பயனாளி மேடையிலேயே பாராட்டினார்.' கையெழுத்தும் போட்டுரு."

வேதமுத்து பேனாவை எடுத்தார். அந்த ஒரு வரியை எழுதி முடிக்க நான்கு தாள் பிடித்தது. அடியில் போட்ட கையெழுத்து, பதிவேட்டில் உள்ள அவருடைய கையெழுத்தோடு ஒத்துப்போகவில்லை என்று அறிக்கை மேலிடத்திலிருந்து திரும்பி வந்துவிட்டது. 'அப்பகுதியில் நில அதிர்வு ஏதும் ஏற்பட்டதா' என்று கீழே ஒரு கேள்வியும் கேட்டிருந்தார்கள். வேதமுத்து அந்தக் கடிதத்துக்கு மட்டும் 'ஆம்' என்று பதில் எழுதினார்.